இரண்டாவது கிளி வாங்குமுன்: டெல்டா வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

"ஒண்ணு மட்டும் தனியா கத்துதே, துணைக்கு இன்னொண்ணு வாங்கிப் போடேன்." வீட்டில் கிளி வளர்ப்பவர்கள் யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். சொல்வது மாமியாராக இருக்கலாம், எதிர்வீட்டுக்காரராக இருக்கலாம். கிளி விற்கும் கடைக்காரர் கட்டாயம் சொல்வார்.

எங்கள் வீட்டில் ஒரு காக்டெயில் இருக்கிறது, தலையில் கொண்டை வைத்த சின்ன வெளிநாட்டுக் கிளி. துணை வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் ஒரத்தநாட்டுக்கும் அலைந்தேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சட்டம் தெரியவில்லை, மீதிப் பேருக்கு விற்றால் போதும். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். நம் பக்கம் கிளி மருத்துவரும் பரிசோதனைக் கூடமும் கூப்பிடு தூரத்தில் இல்லை. அதனால் எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு கிளிகளும் கடைசிவரை சேராமலே போனாலும், தனித்தனிக் கூண்டில் வைத்து, தனித்தனியாக வெளியே விட்டு, பத்துப் பதினைந்து வருடம் பார்த்துக்கொள்ள முடியும் என்றால் வாங்குங்கள். "சேர்ந்துடும், நமக்கு வேலை குறையும்" என்பது உங்கள் கணக்காக இருந்தால் ஒன்றே போதும்.

1. வீட்டில் இருப்பது எந்தக் கிளி?

கழுத்தில் வளையம் போட்ட நம்மூர்ப் பச்சைக்கிளி என்றால் இரண்டாவதைப் பற்றிய பேச்சே வேண்டாம். பனைமரப் பொந்திலிருந்து எடுத்த குஞ்சு, சந்தையில் வாங்கியது, யாரோ கொடுத்தது, எப்படி வந்திருந்தாலும் அதை வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி குற்றம். 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது தண்டனையையும் கூட்டிவிட்டார்கள். மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கிறதே என்பது பதில் ஆகாது. அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்தில் பேசி ஒப்படையுங்கள். நீங்களாகவே வயலில் கொண்டுபோய்ப் பறக்கவிடாதீர்கள். கையால் ஊட்டி வளர்த்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, காக்கையும் பருந்தும் விட்டுவைக்காது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நீலமாகவும் மஞ்சளாகவும் இருக்கும் 'ரிங்நெக்' கிளிகளை "இது ஃபாரின் சார், லைசென்ஸ் தேவையில்ல" என்று விற்கிறார்கள். நிறம் எதுவானாலும் இனம் அதே பச்சைக்கிளி இனம்தான். நான் இருந்தால் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

வெளிநாட்டு இனங்களில் இரண்டு வகை உண்டு. பட்ஜி, காக்டெயில், முகம் மட்டும் இளஞ்சிவப்பாக இருக்கும் பீச்ஃபேஸ் லவ் பேர்ட் ஆகிய மூன்றும், அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பவை. இவற்றுக்கு அரசிடம் பதிவு வேண்டாம். சன் கானூர், ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ், காக்கட்டூ எல்லாம் பட்டியலுக்குள் வருபவை. பதிவு கட்டாயம். நம்மூர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்றாலே பட்ஜியைத்தான் காட்டுவார்கள். உண்மையான லவ் பேர்டை 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' என்பார்கள். அதிலும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள ஃபிஷர், மாஸ்க்டு வகைகளுக்குப் பதிவு உண்டு. ஆகவே ரசீதில் 'லவ் பேர்ட்ஸ்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள், இனப்பெயர் இருக்க வேண்டும்.

2. துணை யாருக்கு?

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

முதலில் கத்தலை எடுத்துக்கொள்வோம். விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் கொஞ்ச நேரம் கத்துவது எந்தக் கிளிக்கும் இயல்பு. கூட்டத்தை அழைக்கும் குரல் அது. இன்னொரு கிளி வந்தால் அது நிற்காது, இரண்டாகும். நடுப்பகலில் விடாமல் கத்துகிறது என்றால், நீங்கள் அறையை விட்டுப் போகும்போது மட்டும் கத்துகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் அது உங்களைத்தான் தேடுகிறது. வேறொரு கிளியை உங்கள் இடத்தில் அது ஏற்றுக்கொள்ளும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இறகைப் பிடுங்கிக்கொள்கிறது என்றால் துணையைத் தேடும் முன் மருத்துவரைத் தேடுங்கள். பேன், தோல் நோய், ஈரல் கோளாறு, வெறும் தினையும் சூரியகாந்தி விதையும் தின்பதால் வரும் சத்துக்குறைவு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நோயோடு இருக்கும் கிளிக்கு ஜோடி சேர்த்தால் இரண்டுக்கும் செலவு செய்ய வேண்டியிருக்கும்.

அதனால் வாங்குமுன் ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் கூண்டைத் திறந்து இரண்டு மணி நேரமாவது வெளியே விடுங்கள். இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் கிடைக்கட்டும். கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் கூண்டு இருந்தால் ராத்திரி வேறு அறைக்கு மாற்றுங்கள். தீனியைக் கிண்ணத்தில் கொட்டாமல் முருங்கைக்கீரைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள், தென்னை ஈர்க்கு, சோளத் தட்டை என்று கடித்துக் கிழிக்க எதையாவது கொடுங்கள். எங்கள் காக்டெயிலின் நடுப்பகல் கத்தல் இதிலேயே பெரும்பாலும் அடங்கிவிட்டது.

இந்த ஒரு மாதத்தில் இன்னொரு விஷயமும் தெரிந்துவிடும். தினமும் இரண்டு மணி நேரம் உங்களால் ஒதுக்க முடிந்ததா? ஒரு கிளிக்கே முடியவில்லை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மற்றொன்று: இரண்டும் நன்றாகச் சேர்ந்துவிட்டால் உங்களை மறந்துவிடலாம். தோளில் வந்து உட்கார்ந்த கிளி, ஜோடி வந்த பிறகு கையை நீட்டினால் கொத்தும். கிளியின் நலத்துக்கு அது நல்லதுதான். உங்களுக்கு அது சரியா என்று யோசியுங்கள். வீட்டில் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

3. எந்த இனம், ஆணா பெண்ணா

அதே இனத்தில், கிட்டத்தட்ட அதே அளவில் வாங்குங்கள். காக்டெயிலோடு லவ் பேர்டைச் சேர்க்காதீர்கள். லவ் பேர்ட் உருவத்தில்தான் சிறியது, அடுத்த கிளியின் கால் விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும். பட்ஜியோடும் அது ஆகாது. கானூர், கிரே இருக்கும் வீட்டில் சின்ன இனங்களை ஒரே நேரத்தில் வெளியே விடவே கூடாது.

ஆணா பெண்ணா என்பதில் பட்ஜி எளிது. வளர்ந்த ஆணுக்கு அலகுக்கு மேலே உள்ள மூக்குத் திட்டு நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். குஞ்சில் தெரியாது. சாம்பல் நிறக் காக்டெயிலில் வளர்ந்த ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாகும், பெண்ணுக்கு வாலின் அடியில் குறுக்குக் கோடுகள் நிற்கும். வெள்ளை, மஞ்சள் ரகங்களில் இந்த அடையாளங்களை நம்ப முடியாது. லவ் பேர்ட், கானூர், கிரே மூன்றிலும் பார்த்துச் சொல்கிறேன் என்பவர் ஊகித்துத்தான் சொல்கிறார். டி.என்.ஏ. பரிசோதனை ஒன்றுதான் வழி. மார்பிலிருந்து எடுத்த நாலைந்து இறகுகளை ஜிப் கவரில் போட்டுப் பெருநகரங்களில் உள்ள ஆய்வகத்துக்கு விரைவுத் தபாலில் அனுப்பலாம். தானாக உதிர்ந்த இறகு உதவாது. சில நூறு ரூபாய்தான் ஆகும், ஜோடி மாறிப்போவதைவிட அது மலிவு.

ஆணும் பெண்ணும் என்றால் முட்டை வரும். குஞ்சு பொரிக்கும் எண்ணம் இல்லையென்றால் கூண்டில் பானையோ பெட்டியோ மாட்டாதீர்கள். விற்பவர் இலவசமாகப் பானை தருவார், வேண்டாம் என்றுவிடுங்கள். அடுத்தடுத்து முட்டையிடும் பெண்ணுக்குச் சுண்ணாம்புச் சத்து இறங்கி முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சில மணி நேரத்தில் உயிர் போகிற விஷயம் அது, நம் ஊரில் ராத்திரி பத்து மணிக்கு அதற்கு வைத்தியம் கிடைப்பது கடினம். ஆகவே பெண் கிளி இருக்கும் வீட்டில் கணவாய் ஓடு எப்போதும் இருக்கட்டும். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் போனால் மீன் விற்பவர்களிடமே கேட்டு வாங்கலாம். உப்புப் போக ஊறவைத்து, கொதிக்கவைத்து, நல்ல வெயிலில் காயவைத்துக் கொடுங்கள்.

4. மருத்துவரை முதலில் பாருங்கள்

கிளி வந்த பிறகு தேடினால் அவசரத்தில் யாரும் கிடைக்க மாட்டார்கள். நம் மாவட்டங்களின் கால்நடை மருந்தகங்களில் மாடும் ஆடும்தான் அதிகம் வரும், பறவை என்றால் கோழி. தெரிந்தவரை நன்றாகவே பார்ப்பார்கள், ஆனால் நூறு கிராம்கூட இல்லாத பறவைக்கு மருந்து அளவு போடுவது வேறு. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிளம்பும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்: செல்லப் பறவைகளைப் பார்ப்பவர் எந்த நாளில் இருப்பார், எச்சம் பரிசோதனை அங்கேயே செய்வார்களா, எத்தனை மணிக்கு வர வேண்டும். இருக்கும் கிளியை ஒரு தடவை காட்டிவிட்டு வாருங்கள். எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை எடை பார்ப்பது நல்ல பழக்கம். வளர்ந்த காக்டெயில் சுமார் 80 முதல் 100 கிராம் இருக்கும். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். கிளி தன் நோயைக் கடைசிவரை வெளியே காட்டாது, தராசுதான் காட்டும்.

5. செலவு

கிளியின் விலைதான் இதில் சின்னத் தொகை. நான் விசாரித்தபோது எங்கள் பக்கம் காக்டெயில் ஒன்று ரூ.1,500 முதல் ரூ.3,000 வரை சொன்னார்கள். நிறத்துக்குத் தகுந்தாற்போல் ஏறும். சன் கானூர் அதைப் போலப் பல மடங்கு.

இதற்கு மேல் இன்னொரு நல்ல கூண்டு. மூன்றடி நீளமாவது வேண்டும், கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. இடைவெளி அகலமாக இருந்தால் கொல்லைப் பக்கத்திலிருந்து பாம்பு நுழையும். வயலோரத்து வீடுகளில் நடக்கிற விஷயம் இது. மலிவான துத்தநாகப் பூச்சுக் கம்பிக் கூண்டைக் கிளி கடித்துக் கடித்து நஞ்சேறிப் போகும், பவுடர் கோட்டிங் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாருங்கள். ஆக, கூண்டு கிளியைவிட விலை அதிகம். அப்புறம் தூக்கிச் செல்லும் சின்னக் கூண்டு, முதல் மருத்துவப் பரிசோதனை, கார் வாடகை. மாதாமாதம் தீனி இரட்டிப்பாகும், ஆனால் தினையும் கம்பும் நம் ஊரில் பெரிய செலவில்லை. பெரிய செலவு நோய் வந்தால்தான். ஒரு ஐயாயிரமாவது தனியாக எடுத்துவைக்காமல் வாங்க வேண்டாம்.

6. வாங்கும் இடத்தில் கேட்க வேண்டிய தாள்கள்

செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-இல் தனி விதிகள் வந்தன, மாநில விலங்குகள் நல வாரியத்தில் கடை பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வெளியே வந்துவிடுங்கள். ஒரு கடையில் நான் கேட்டதற்கு, "கிளி வாங்க வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?" என்றார்கள்.

ரசீதில் இனப்பெயர், கால் வளைய எண், தேதி, விற்பவர் முகவரி நான்கும் இருக்க வேண்டும். வளையம் மூடிய வளையமா என்று பாருங்கள். அதைக் குஞ்சாக இருக்கும்போது மட்டுமே மாட்ட முடியும். அதனால் வீட்டில் பிறந்த கிளி என்பதற்கு அது ஓரளவு சாட்சி, பெரும்பாலும் பிறந்த ஆண்டும் பொறித்திருக்கும். திறந்த வளையத்தை எப்போது வேண்டுமானாலும் மாட்டலாம்.

பதிவு தேவைப்படும் இனமென்றால் 2024 பிப்ரவரியில் அறிவித்த விதிகளின்படி, கிளி கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சான்று தருவது மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர். அடையாள அட்டை, கிளியின் தெளிவான படங்கள், வளைய எண், வாங்கியதற்கான ரசீது ஆகியவற்றை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சு பிறந்தாலும், கைமாறினாலும், கிளி இறந்தாலும் அங்கே தெரிவிக்க வேண்டும். பழைய உரிமையாளரிடம் வாங்கினால் அவருடைய பதிவுச் சான்றைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். "நான் பண்ணல, நீங்க உங்க பேர்ல பண்ணிக்கோங்க" என்பார்கள். ரசீதும் இல்லாமல், முந்தைய பதிவும் இல்லாமல் நீங்கள் எதைக் காட்டுவீர்கள்?

கண் திறக்காத குஞ்சை "நீங்களே ஊட்டினா நல்லா ஒட்டிக்கும்" என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். கூழின் சூடு கொஞ்சம் கூடினால் இரைப்பை வெந்துவிடும், சிரிஞ்சு பிசகினால் நுரையீரலுக்குள் போகும். தானாகத் தின்னும் கிளியாக வாங்குங்கள், கடையிலேயே அது தின்பதைப் பார்த்துவிட்டு.

7. எந்த மாதத்தில்?

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். அடைமழை ஈரத்தில் தீனி பூசணம் பிடிக்கும், பூசணம் கிளியின் நுரையீரலுக்கு எமன். போதாக்குறைக்குத் தீபாவளி வெடி. சித்திரை, வைகாசி வெயிலில் தூரத்திலிருந்து கொண்டுவருவதும் ஆபத்து. பொங்கல் கழிந்து மாசிக் கடைசி வரைதான் நல்ல காலம். வீடு வயலை ஒட்டியிருந்தால் சம்பா அறுவடை மெஷின் கிளப்பும் தூசி அடங்கட்டும். வயலிலிருந்து நெற்கதிரை ஒடித்து வந்து ஆசையாகக் கட்டித் தொங்கவிடுவோம் இல்லையா, மருந்து அடித்த வயலா என்று தெரியாமல் அதைச் செய்யாதீர்கள்.

8. முதல் 45 நாள் தனி அறை

மாடி அறையோ ரேழி அறையோ, கதவைச் சாத்தக்கூடிய தனி அறை. ஒரே கூடத்தின் இரண்டு மூலைகள் கணக்கில் வராது, காற்றிலேயே பரவும் நோய்கள் உண்டு. தனி அறை இல்லாத வீடென்றால் உறவினர் வீட்டில் விட முடியுமா என்று கேளுங்கள், அவர்களிடம் பறவை ஏதும் இல்லாமல் இருந்தால். அதுவும் முடியாதென்றால் வாங்க வேண்டாம். கடுமையாகத் தெரியலாம், ஆனால் இந்த ஒரு படியில் மட்டும் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

பழைய கிளிக்கு முதலில் தீனி, அப்புறம் புதியதற்கு. திரும்பி வரும்போது கைகழுவிச் சட்டை மாற்றுங்கள். கிண்ணம், துடைப்பம் எல்லாம் தனி. முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டி, பாக்டீரியாவால் வரும் சிட்டகோசிஸ், இறகும் அலகும் உருக்குலையும் பி.பி.எஃப்.டி. ஆகிய இரண்டுக்கும் பரிசோதனை கேளுங்கள். சிட்டகோசிஸ் மனிதருக்கும் தொற்றும். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் "வீட்டில் புதுக் கிளி இருக்கிறது" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும், அவராகக் கேட்க மாட்டார். கிளிக்கு அந்த நோய் உறுதியானால் மருந்து 45 நாள் வரை போகும், தனிமை அதற்கு ஏற்ப நீளும். பி.பி.எஃப்.டி.க்கு மருந்தே இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் சேர்த்துவைத்தால் பழைய கிளியையும் இழப்பீர்கள்.

9. சேர்த்துவைப்பது

முதலில் ஒரே அறையில், மூன்றடி தள்ளி இரண்டு கூண்டு. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நிதானமாகத் தின்கின்றனவா, இறகு கோதுகின்றனவா? அப்படியென்றால் சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் நெருக்குங்கள். பிறகு இரண்டுக்கும் பொதுவான மேசையிலோ கொடியிலோ, கூண்டுக்கு வெளியே சந்திக்கவிடுங்கள். பழைய கிளியின் கூண்டுக்குள் புதியதை நேராக விடுவதுதான் எல்லோரும் செய்வது, இரத்தக் காயம் வருவதும் அங்கேதான். வெளியே விடும்போது மின்விசிறி நிற்க வேண்டும், கதவும் சன்னலும் சாத்தியிருக்க வேண்டும், அடுப்பில் நான்ஸ்டிக் பாத்திரம் இருக்கக் கூடாது. அது அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகையில் கிளி நிமிடங்களில் செத்துவிடும். சாம்பிராணி, கொசுவர்த்தியையும் வேறு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அலகைத் திறந்து விரட்டுவது, கிண்ணத்தை மறிப்பது சில நாளில் குறையலாம். காலைக் குறிவைத்துக் கடித்தால் உடனே பிரித்து, பழைய தூரத்துக்குப் போங்கள். மூன்று மாதமாகியும் மாறவில்லை என்றால் அவை தனிக் கூண்டில் அண்டை வீட்டாராகவே இருக்கட்டும். விற்றுவிட்டு வேறு ஜோடி பார்க்கலாம் என்று ஆரம்பித்தால் தனிமைப்படுத்தல், பரிசோதனை, ரசீது எல்லாம் முதலிலிருந்து.

10. புயலுக்கும் வெளியூருக்கும்

2018 நவம்பரில் கஜா வந்தபோது டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இரண்டு கிளி என்றால் தூக்கிச் செல்லும் கூண்டும் இரண்டு வேண்டும், பயத்தில் இருக்கும் கிளிகளை ஒன்றாக அடைத்தால் சேர்ந்த ஜோடிகூடக் கடித்துக்கொள்ளும். ஈரம் புகாத டப்பாவில் பத்து நாள் தீனி, குடிநீர், மூட ஒரு கெட்டித் துணி, ரசீதும் பதிவுச் சான்றும் பிளாஸ்டிக் கவரில். ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள ஒப்புக்கொள்ளும் ஆள் யார் என்று வாங்குமுன்பே பேசிவைத்துவிடுங்கள். ஒரு கிளியைப் பார்த்துக்கொண்டவர்களே இரண்டு என்றதும் தயங்குவார்கள். கொடுக்கக் கூடாதவற்றை எழுதிக் கூண்டிலேயே ஒட்டுங்கள்: சாக்லேட், வெண்ணெய்ப்பழம், வெங்காயம், உப்புப் போட்ட எதுவும். காப்பியையும் எழுதுங்கள், கும்பகோணத்தில் விருந்தாளிக்கு டபராவை நீட்டாமல் யாராலும் இருக்க முடியாது.